எஸ்எம்பிஎஸ்: பெரியதாழையில் அன்றும் இன்றும்

இருபது ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊரான பெரியதாழைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால், அதன் பின்னாலேயே ஸ்டெபிலைசர் ஒன்றும் யூபிஎஸ் ஒன்றும் வந்தன. தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ போய் அசெம்பிள் செய்து வாங்குவார்கள். பிராசஸர் எது, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அது கேபினெட்டோடு சேர்ந்தே வரும். பின்பக்கத்து ஒட்டுத்தாளில் 450 வாட்ஸ் என்று இருக்கும், அதோடு பேச்சு முடிந்தது.

அப்படி வாங்கியும் பெட்டி ஓடியது. காரணம், அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர் கேட்ட மின்சாரம் குறைவு. 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட்தான். பென்டியம் 4 காலத்தில் பிராசஸர் சூடான ஆளாக மாறிவிட்டாலும், பெரும்பாலான வீடுகளில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 450 என்று பெயர் வைத்துக்கொண்ட பெட்டியிடம் அதில் பாதியைக்கூட யாரும் கேட்கவில்லை.

அன்றைய தொல்லை பெட்டிக்கு வெளியே இருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, குண்டு பல்பின் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். ஸ்டெபிலைசர் டக் டக் என்று ரிலே மாற்றிக்கொண்டே இருக்கும். 2012ஐ மறக்க முடியுமா? சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்களைப் பார்த்தோம். வடக்கே இதே கரையில் 1979இல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம், ஐந்து அலகுகளில் 1050 மெகாவாட். தெற்கே கூடங்குளம் அணு உலை, 2013 அக்டோபரில்தான் முதல் அலகு கட்டமைப்போடு இணைந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் சிவப்பாக ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் 115, மறு பக்கம் 230. குழந்தைகள் விளையாட்டாக அதை 115க்குத் தள்ளிவிட்டு பிளக்கைப் போட்டால், வெடிச் சத்தமும் புகையும்தான். இன்றைய நல்ல பெட்டிகளில் அந்த சுவிட்ச் இல்லை. ஆக்டிவ் பிஎஃப்சி என்னும் சுற்று உள்ளே இருந்து, 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறது. வோல்டேஜ் இறங்கினால் அதற்கேற்ப ஆம்பியரைக் கூட்டி இழுத்துச் சமாளிக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்கு ஸ்டெபிலைசர் தேவையே இல்லை. ஆனால் விலை குறைந்த சில பெட்டிகளில் இன்றும் 200–240 என்றுதான் அச்சிட்டிருக்கும். ஊர்க்கோடியில், டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில் வீடு உள்ளவர்கள் அந்த ஒரு வரியைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

இன்று கரண்ட் ஓரளவு ஒழுங்காக வருகிறது. மாறியிருப்பது பெட்டிக்குள் நடக்கும் செலவு. விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளை, கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி, கேம் ஆடும் பையன் என்று எல்லோருக்கும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். சேர்த்து வைத்த காசில் கார்டை வாங்கிப் பழைய கேபினெட்டில் சொருகுகிறார்கள். சும்மா இருக்கும்போது நன்றாக ஓடும். ரெண்டர் போட்டு ஐந்து நிமிடத்தில் பட்டென்று அணையும். கார்டு பழுது என்று திருப்பிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் சண்டை. குற்றவாளியோ மூலையில் அந்தப் பழைய ஒட்டுத்தாளோடு அமைதியாக இருக்கிறது.

அந்த ஒட்டுத்தாளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். முன்பு பிராசஸர் 5 வோல்ட்டில்தான் தின்றது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது அந்தச் சுமை 12 வோல்ட்டுக்கு மாறியது, அதற்கென்றே நான்கு முள் கனெக்டர் தனியாக வந்தது. இன்று பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டை நம்பியிருக்கின்றன. கடலுக்குப் போகிற வீட்டில் இதை விளக்குவது எளிது. வள்ளத்து பேட்டரியும் 12 வோல்ட்தான், ஆம்பியர் பார்க்காமல் அதில் யாரும் லைட் கட்டுவதில்லை.

பழைய 450 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே பெரும்பாலும் 15, 16 ஆம்பியர்தான் போட்டிருக்கும். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள்: 192 வாட். மீதி எல்லாம் இன்று யாரும் அதிகம் கேட்காத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கூட்டிக் காட்டிய கணக்கு. நல்ல 550 வாட் பெட்டியில் 12 வோல்ட் மட்டுமே 45 ஆம்பியர் அளவுக்கு, அதாவது 540 வாட் தரும். இரண்டு பெட்டிகளின் முகப்பு எண்ணுக்கும் நூறுதான் வித்தியாசம், உள்ளே கிடைப்பதில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அதற்காக 850, 1000 என்று ஓடவும் வேண்டாம். ரைசன் 5 5600 பிராசஸர் முழு வேலையில் 76 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஐம்பது, அறுபது போட்டாலும் 250 வாட்டைத்தான் தொடுகிறது. என்விடியா அந்தக் கார்டுக்குச் சொல்வதே 550 வாட் சப்ளைதான். கார்டு ஒரு நொடியின் சிறு துண்டில் எகிறி இழுக்கும் சுமைக்கும், பின்னால் வரும் மாற்றத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்றவை வேறு உலகம்.

80 பிளஸ் முத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2004இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வரையறைப்படி, 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது பிரான்ஸ் (Bronze) தரப் பெட்டி 85 சதவீதத் திறனும் கோல்டு 90 சதவீதமும் காட்ட வேண்டும். வீட்டுக் கணக்குக்கு வருவோம். 200 வாட் வேலைக்கு, 80 சதவீதப் பெட்டி சுவரிலிருந்து 250 வாட் இழுக்கும், 90 சதவீதப் பெட்டி 222 வாட். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு ஐம்பது யூனிட் மிச்சம். 2016இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறத் தொடங்கிய நம் வீடுகளுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆகவே கரண்ட் பில்லை நினைத்து கோல்டு வாங்காதீர்கள், நல்ல பிரான்ஸ் போதும். 105 டிகிரி கெப்பாசிட்டர், ஐந்தாண்டுக்குக் குறையாத வாரண்டி, அதிகச் சுமையிலும் ஷார்ட்டிலும் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு, ஒட்டுத்தாளில் ஐ.எஸ். 13252 என்ற எண்ணோடு பி.ஐ.எஸ். முத்திரை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

2012இன் வெட்டுக்குப் பயந்து வாங்கிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஃபேன் அதில் ஓடும்போது ஊம் என்று இரையும், ஸ்கொயர் வேவ் வகை. பழைய எஸ்எம்பிஎஸ் அதைச் சகித்துக்கொண்டது. ஆக்டிவ் பிஎஃப்சி பெட்டிக்கு அது ஒத்துவராது, சில நேரம் மாறிய கணத்திலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, யூபிஎஸ் மோடில் வைத்தால் பிரச்சினை இல்லை. கரண்ட் போனபின் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி நொடிதான், அதற்குள் இன்வெர்ட்டர் கை மாற்றிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் கரைக்கென்று இரண்டு விஷயம் உண்டு. ஒன்று காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்றான கச்சான் அடிக்கும்போது தேரி மணல் நுணுகி வீட்டுக்குள் வரும். கீழ்க்காற்றான கொண்டல் திரும்பினால் உப்பு ஈரம். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் இரண்டையும் உறிஞ்சி உள்ளே படிய வைக்கிறது. உப்பும் தூசியும் சேர்ந்த படலம் ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தும், கனெக்டர் முள்ளில் பச்சை பூக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். தூசியை வெளியிலிருந்தே ஊதி எடுங்கள். பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

இரண்டாவது எர்த். “கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குதுண்ணே” என்று கேட்காத கடற்கரை வீடு குறைவு. டெஸ்டர் வைத்தால் எரியும். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், புதியதும் அடிக்கும். கெட்டது பெட்டி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் மின்கம்பியையும் நியூட்ரலையும் உலோக உறையோடு இணைக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உறையில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், 110 வோல்ட் அளவு நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் சுருக்கென்பதோடு போகிறது. உள்ளே ஒரு நாள் உண்மையாகவே கம்பி உறையைத் தொட்டால் அதைத் தடுக்க அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. மின்னலும் கரண்ட் திரும்பும்போது வரும் எகிறலும் தணிய வேண்டிய வழியும் அடைபட்டுக் கிடக்கிறது.

நம் மணலில் மேல் அடுக்கு காய்ந்தது, மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டடி தோண்டிக் கம்பி புதைத்தால் அது பெயருக்கு எர்த். குறைந்தது 2.5 மீட்டர் குழாய், ஈர மணலைத் தொடும்வரை இறங்க வேண்டும். இரும்புக் குழாயை உப்புத் தண்ணீர் சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் செம்பு பூசிய கம்பி நல்லது. இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்: குழி தோண்டும் சிரமத்துக்குப் பதில் பிளக் பாயிண்டில் நியூட்ரலையே எர்த் முள்ளோடு கோத்துவிடும் பழக்கம் இருக்கிறது. டெஸ்டர் அணைந்துவிடும், எல்லோருக்கும் நிம்மதி. என்றாவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட். பிள்ளை கையில் மவுஸும் காலில் ஈரமுமாக இருக்கும்.

கம்ப்யூட்டரை மாற்றக் காசு சேர்த்திருந்தால், கார்டு விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், மெயினில், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். அடுத்து எஸ்எம்பிஎஸ். மிச்சமிருக்கும் பணத்துக்கு எந்தக் கார்டு வருமோ அதை வாங்குங்கள்.