சிஇஏ ரிப்போர்ட் நார்மல்... அப்போ குடல் புற்றுநோய் இல்லைனு அர்த்தமா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்கள் சிலவற்றில் ‘கேன்சர் மார்க்கர்’ என்ற பெயரில் சிஇஏ ரத்தப் பரிசோதனையும் இருக்கும். ஒரு மில்லி லிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. தாண்டினால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு. உண்மையில் அந்த நிம்மதிக்கும் பயத்துக்கும் இந்த ஓர் எண் மட்டும் போதாது.

சிஇஏ ஒரு புரதம். கருவில் இருக்கும்போது குடலில் அதிகமாக உருவாகும், பிறந்த பிறகு குறைந்துவிடும். 1965-ல் கனடாவின் மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியில் இதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தப் பரிசோதனையிலேயே நோயைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. ஆனால், ஆரம்பநிலைக் கட்டிகள் பலவற்றில் சிஇஏ ஏறுவதே இல்லை. சிகரெட் பிடிப்பவர்கள், கல்லீரல் பாதிப்போ குடல் அழற்சியோ உள்ளவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே ஏறும்.

அப்போ எதுக்கு இந்த டெஸ்ட்?

நோய் உறுதியான பிறகுதான் இதற்கு உண்மையான வேலை. அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒருமுறை பார்ப்பார்கள். ஏறியிருந்த அளவு, கட்டியை எடுத்த சில வாரங்களில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உடலில் எங்கோ மிச்சம் இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். அதன்பிறகு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை டெஸ்ட். இறங்கிய எண் மறுபடி ஏறத் தொடங்கினால் ஸ்கேன். அதனால், பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாதீங்க. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்க. லேபுக்கு லேப் அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

பயாப்சி ரிப்போர்ட்டில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற பெயர்களைப் பார்த்திருக்கலாம். செல் பிரியும்போது டிஎன்ஏவில் வரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இவை. கட்டியில் இவற்றில் ஏதாவது காணாமல் போயிருந்தால், இம்யூனோதெரபி பலன் தர வாய்ப்பு அதிகம். 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த வகை மலக்குடல் புற்றுநோய் இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மருந்து மட்டுமே கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அசந்துபோக வைத்த முடிவு! இந்தப் புரதம் இல்லாதது சிலருக்குப் பரம்பரையாகவும் வரும் என்பதால், கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க.

மலத்தில் ரத்தம் வருகிறதா? மூலமாகத்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க. சிஇஏ நார்மல் என்பதும் அதற்குப் பதில் இல்லை. கொலனோஸ்கோப்பி தேவையா என்று டாக்டரிடம் கேட்பதுதான் அடுத்த வேலை.