சிறு துண்டு இழையம் சொல்லும் செய்தி

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் எமது பெண்களில் பலர் அதை வெளியே சொல்வதில்லை. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்குத் தன் உடம்பைக் கவனிக்க நேரம் கிடைப்பதும் அரிது. 'ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும்' என்ற பயம் வேறு. மருத்துவ ஆய்வுகூடமொன்றில் பல வருடங்களாக வேலை செய்பவள் என்ற முறையில், அந்தச் சிறு துண்டு ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எடுத்த இழையத்தைப் போமலினில் இட்டுப் பாதுகாத்து, பின்னர் மெழுகில் பதிக்கிறோம். அதிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 4 பங்கு தடிப்பான சீவல்களை வெட்டிச் சாயமிடுகிறோம். நோயியல் நிபுணர் அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று கூறுவார். புற்றுநோய் என்றால் வேலை அத்துடன் முடிவதில்லை. மார்பகப் புற்றுநோய் பெயரில் ஒன்று; உள்ளே பல வகை.

வாங்கியைத் தேடி

சூலகங்களை அகற்றியபோது சில பெண்களின் முற்றிய மார்பகப் புற்றுநோய் சுருங்கியது என்று 1896 இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் பீற்சன் எழுதினார். ஏன் எல்லோருக்கும் சுருங்கவில்லை? 1950களின் இறுதியில் சிக்காகோவில் எல்வூட் ஜென்சன், கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்திரஜன் ஓமோனை எலிகளுக்குச் செலுத்தினார். கருப்பை போன்ற சில இழையங்களே அதைப் பிடித்து வைத்திருந்தன. பிடித்துக்கொண்டது அவற்றின் கலங்களிலுள்ள 'வாங்கி' என்னும் புரதம். இந்த வாங்கி சில புற்றுநோய்க் கட்டிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை.

இன்று இதைச் சீவலிலேயே காண்கிறோம். குறித்த ஒரு மூலக்கூறில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியை இட்டு, ஒட்டிய இடத்தைக் கபில நிறமாக்குகிறோம். எந்தக் கலங்களில், எவ்வளவு நிறம் என்பதே எமது வரைபடம். மார்பகப் புற்றுநோயுள்ள 100 பெண்களில் 70 பேருக்குக் குறையாமல் ஈஸ்திரஜன் வாங்கி காணப்படுகிறது. தமொக்சிபன் போன்ற மாத்திரைகள் உதவுவது இவர்களுக்கே. ஹேர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும் 15 முதல் 20 பேருக்குத் திரஸ்துசுமாப் என்ற வேறு மருந்து உண்டு. துண்டு எடுக்காவிட்டால் எந்த மருந்து யாருக்கு என்று அறிய வழியில்லை.

இடமும் முக்கியம்

அம்மியில் அரைத்த சம்பலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். எது எங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. இழையத்தை அரைத்துச் சோதிப்பதும் அப்படித்தான். 2016 இல் ஸ்டொக்ஹோம் ஆய்வாளர்கள், சீவலை அரைக்காமலே ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எது எந்த இடத்தில் இயங்குகிறது என்று வரைபடமாக்கும் முறையை வெளியிட்டனர். நோயை எதிர்க்கும் கலங்கள் கட்டிக்குள் நுழைந்துள்ளனவா, வெளியே நிற்கின்றனவா என்பதை இதனால் அறியலாம். இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகிறது.

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் நோவில்லை என்பதற்காக எந்தக் கட்டியையும் விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் என்று சொல்லப்பட்டால், "எனக்கு ஓமோன் வாங்கி இருக்கிறதா? ஹேர்-2 எப்படி?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. இடப்பெயர்வுகளில் எத்தனையோ பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நாம். இந்த அறிக்கையின் பிரதியொன்றை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஊரில், எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் உங்கள் சிகிச்சை அங்கிருந்து தொடரலாம்.