நெருப்புப் பந்தும் ஆறு நிலங்களும்

சீட்டு என்றதும் பெற்றோரும், மந்திரம் என்றதும் அருட்சகோதரியரும் முகம் சுளிக்க வேண்டாம்! இது பணம் வைத்து ஆடும் சீட்டன்று. இதிலுள்ள மந்திரமோ வெறும் கூட்டலும் வகுத்தலுமே. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கி, 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்ற விளையாட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப் புள்ளிகள் உண்டு. நிலச் சீட்டுகள் தரும் ஆற்றலைச் செலவிட்டு உயிரினங்களை இறக்கலாம், மந்திரங்களையும் ஏவலாம். புதிய உறைகளைப் பிரித்து 40 சீட்டுகளில் கட்டு அமைக்கும் ஆட்டத்தில் நிலங்கள் 17, உயிரினங்கள் 16 என்று வைத்தால் எஞ்சுவது ஏழே இடங்கள். எதிரியின் உயிரினங்களை அகற்றும் மந்திரங்கள் அந்த ஏழுக்குள் அடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் பல வேலை செய்வதாக இருத்தல் நலம்.

'லைட்னிங் போல்ட்' ஒரு நிலத்தின் ஆற்றலில் மூன்று சேதம் தரும். தொடக்கத்தில் அதற்கு இணையில்லை. ஆனால் தாங்குதிறன் ஐந்துள்ள 'ஷிவன் டிராகன்' வந்து நின்றால் அது மட்டும் போதாது. 'ஃபயர்பால்' அப்படியன்று; நாம் கொடுக்கும் ஆற்றலுக்கேற்ப வளரும். அடிப்படை விலை ஒன்று. அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொன்றும் ஒரு சேதம். இலக்குகள் பலவானால், முதலாவது நீங்கலாக ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடுதல். சேதமும் சமமாகப் பங்கிடப்பட்டு, மீதி வீணாகும். ஆறு நிலங்கள் இருந்தால் டிராகன் ஒன்றையோ, தாங்குதிறன் இரண்டுள்ள இரு உயிரினங்களையோ, ஒன்றுள்ள மூன்றையோ அழிக்கலாம். எதிரிக்கு ஐந்து புள்ளிகளே மிச்சமென்றால் அவரையே இலக்காக்கி ஆட்டத்தை முடிக்கலாம். மற்ற 15 புள்ளிகளை நம் உயிரினங்கள் குறைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'எர்த்குவேக்' மந்திரமும் வளர்வதே. ஆயினும் அது பறக்காத உயிரினங்கள் அனைத்தையும், ஆடுவோர் இருவரையும் தாக்கும். நம் படை மடியும். பறக்கும் டிராகனோ தப்பிவிடும்! உயிரினங்கள் நிறைந்த கட்டுக்கு அது ஏற்றதன்று.

முதன்முறை அண்ணனோடு ஆடியபோது, அவசரப்பட்டு ஒரு சிறு பூதத்தின்மீது நெருப்புப் பந்தை எறிந்துவிட்டேன். பிறகு டிராகன் வந்தது. நான்கே முறைகளில் தோற்றேன். அழுகையே வந்துவிட்டது. அதன் பின்னரே வேறொரு வழி புலப்பட்டது. தாக்குதிறன் மூன்றுள்ள உயிரினத்தை முதலில் அனுப்ப வேண்டும். டிராகன் தடுத்தால் மூன்று சேதம் ஏற்கும். அம்முறை முடியும்வரை அந்தச் சேதம் அதன்மேல் நிற்கும். சண்டைக்குப் பின் இரண்டு சேதம் தந்தாலே போதும். செலவு மூன்று நிலங்கள்தாம். நம் உயிரினமும் மடியும் என்பது உண்மை. ஆனால் மிச்ச மூன்று நிலங்களில் வேறொன்றை இறக்கலாம் அல்லவா?

இப்போதெல்லாம் என் பக்கம் மூன்று நிலங்கள் செலவாகாமல் இருந்தால் அண்ணன் டிராகனைத் தடுக்க அனுப்புவதில்லை. மூன்று புள்ளிகளை இழக்கவே சம்மதிக்கிறார், என் கையில் நெருப்புப் பந்து இல்லாத நாளிலும்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி