சரவணையின் நன்னீரும் பிரதேச சபையும்

வேலணைத் தீவின் சரவணையிலே நிலத்தடியில் உவர்நீரின்மேல் மாரிமழை தந்த நன்னீர் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். ஆதலின் குளத்தைத் தூர்வாருங்கள், வீதி போடும்போது வெள்ளம் குளஞ்சேர மதகு வையுங்கள் என்று ஊரவர் கேட்பாராயின் அது வசதிக்கன்று, குடிநீருக்காகவே.

யாரிடம் கேட்பது? 2023 மார்ச் முதல் 2025 மே 6ஆந் திகதித் தேர்தல்வரை பிரதேச சபைகளில் மக்கள் தெரிந்த உறுப்பினரே இருந்திலர், செயலாளரே நிருவகித்தனர். (மனுவைப் பெறுவோர் இருந்தனர், வாக்குக்கு அஞ்சுவோர் இல்லை!) 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமோ சபைக் குழுக்களில் ஊரவரையும் சேர்க்க இடந்தருகின்றது. இதனை அறிந்தோர் சிலரே.

மாணவர்காள்! உங்கள் வீட்டுக் கிணறு எம்மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறதென்று குறித்து வையுங்கள். வேலணைப் பிரதேச சபைக்குப் பெரியோர் எழுதும் மனுவில் அக்குறிப்பையும் இணைக்கலாம்.