சென்னையில் பசித்தால்

நம் நாராயணவனத்தில் இருந்து பலர் சென்னைக்குப் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். துணி எடுக்கப் போகிறோம். வேலை தேடிப் போகிறோம். புத்தூரில் ரயில் ஏறுகிறோம். திருத்தணி, அரக்கோணம் தாண்டி சென்ட்ரலில் இறங்குகிறோம். இறங்கியதும் பசிக்கிறது. எங்கே சாப்பிடுவது?

நான் முதல்முறை போனபோது கண்ணில் பட்ட பெரிய ஓட்டலில் உட்கார்ந்துவிட்டேன். விலை கேட்க வெட்கம். இரண்டு தோசை, ஒரு காபி. பில்லைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. அன்று இரவு பஸ்ஸுக்குக் காசு இல்லை. புத்தூரில் இருந்து ஊருக்கு நடந்தே வந்தேன். விலைப்பலகை அந்த ஓட்டல் சுவரிலேயே இருந்தது. படிக்கத் தெரிந்த நானே அதைப் பார்க்கவில்லை!

அதன் பிறகுதான் பின்பக்கத் தெருக்களுக்குள் போகப் பழகினேன். உழைக்கிறவர்கள் சாப்பிடும் இடம் அங்கேதான் இருக்கிறது.

சென்ட்ரலை விட்டு வெளியே வந்து இடது பக்கம் போனால் வால்டாக்ஸ் சாலை. அதில் வடக்கே நடங்கள். யானைக்கவுனித் தெரு வழியாகக் கிழக்கே திரும்பினால் தங்கசாலைத் தெரு வரும். வெள்ளைக்காரர் காலத்தில், 1840-களில், அங்கே நாணயம் அடிக்கும் சாலை இருந்தது. அதனால் அந்தப் பெயர். இந்தப் பகுதிதான் சௌகார்பேட்டை. சௌகார் என்றால் பெரிய வியாபாரி. ராஜஸ்தானில் இருந்தும் குஜராத்தில் இருந்தும் வியாபாரம் செய்ய வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். அவர்களோடு ஜிலேபியும் கச்சோரியும் லஸ்ஸியும் வந்தன. நம் முறுக்கையும் அவர்கள் விடவில்லை. இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி வைத்துத் தருகிறார்கள். அதற்கு முறுக்கு சாண்ட்விச் என்று பெயர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். தின்றால் சிரிப்பு நின்றுவிடும்.

கிழக்கே இன்னும் போனால் கடற்கரை ரயில் நிலையம். அதன் அருகே பர்மா பஜார். அங்கேயும் அதன் பின்தெருக்களிலும் தள்ளுவண்டிகளில் 'அத்தோ' விற்கிறார்கள். இது பர்மா நாட்டு உணவு. சென்னைக்கு எப்படி வந்தது?

நம் மக்கள் பலர் பிழைப்புக்காகக் கப்பல் ஏறி பர்மா போனார்கள். பல தலைமுறை அங்கே வாழ்ந்தார்கள். 1962-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிறகு கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. கடை வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு கப்பலில் திரும்பினார்கள். வீடும் பணமும் அங்கேயே போயின. கைப்பக்குவம் மட்டும் கூட வந்தது. அதை வைத்து இங்கே அடுப்பு மூட்டினார்கள்.

வேகவைத்த நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எண்ணெய். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப் தருவார்கள். முட்டையும் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதுக் கடையை எப்படி நம்புவது? நான் முதலில் கூட்டத்தைப் பார்ப்பேன். மூட்டை தூக்குகிறவர்களும் ஆட்டோக்காரர்களும் நின்று சாப்பிடும் கடையில் சரக்கு தேங்காது. அடுப்பில் இருந்து நேராக இலைக்கு வருகிறதா என்று பார்ப்பேன். ஈ மொய்த்தால் நகர்ந்துவிடுவேன். உரிமம் வாங்கிய கடையில் 14 இலக்க எண் ஒன்றை மாட்டி வைத்திருக்க வேண்டும். அது உணவுப் பாதுகாப்புத் துறை தருவது. நறுக்கிவைத்த பழத்தையும், எங்கே பிடித்தது என்று தெரியாத தண்ணீரையும் நான் தொடுவதில்லை.

விலைப்பலகையில் எழுத்து தமிழில் இல்லாமல் போகலாம். எண்கள் நமக்குத் தெரிந்தவைதான். பலகையே இல்லையா? உட்காருவதற்கு முன் கேளுங்கள்: "அண்ணா, ஒரு தட்டு எவ்வளவு?" இதில் வெட்கம் என்ன? சௌகார்பேட்டை சேட்டே விலை கேட்டுத்தான் வாங்குகிறார்.

கையில் காசு மிகக் குறைவு என்றால் அம்மா உணவகம் எங்கே என்று கேளுங்கள். 2013-இல் சென்னையில் தொடங்கியபோது அங்கே இட்லி ஒன்று 1 ரூபாய்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு என்று அத்தோவைப் பொட்டலம் கட்டி ரயிலில் கொண்டு வராதீர்கள். திருத்தணி வருவதற்குள் ஊறிக் குழைந்துவிடும். முறுக்கு வாங்கி வாருங்கள்.