அடிவானத்து அதிசயம்: வால்வெள்ளியும் வைகறையும்



பிறை பார்ப்பதற்காக மாதந்தோறும் மேற்கு வானை நோக்கி நிற்பவர்கள் நாம். ரமளான் நெருங்கிவிட்டால் மொட்டைமாடிகளும் பள்ளிவாசல் முற்றங்களும் நிறைந்துவிடும். அவ்வாறே, ஸஹர் முடியும் நேரத்தையும் ஸுபுஹுத் தொழுகை தொடங்கும் நேரத்தையும் அறியக் கிழக்கு வானை உற்று நோக்கியவர்கள் நம் முன்னோர். மாலையில் மேற்கு அடிவானம், வைகறையில் கிழக்கு அடிவானம். இவ்விரண்டும் நம் வணக்க வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. கண்ணைக் கவரும் பெரிய வால்வெள்ளிகள் பெரும்பாலும் தோன்றுவதும் வானத்தின் இவ்விரு விளிம்புகளில்தான் என்பதைச் சிந்தித்துப் பார்த்ததுண்டா?

அப்படிப்பட்ட இரு விளிம்புகளும் தடையின்றிக் கிடைக்கும் இடங்களுள் ஒன்று, புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம் கடற்கரை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே, மரமோ மாடமோ குறுக்கிடாத உப்பளங்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டி, விடியலுக்கு முன்பே பாத்திகளில் இறங்கி உப்பு வாரும் தொழிலாளர்கள், நாள்தோறும் வைகறை வானின் கீழ்தான் நிற்கின்றனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் காலமே உப்பு விளையும் காலம். வானம் பார்ப்பதற்கு ஏற்ற காலமும் அதுவே.

வால்வெள்ளி என்பது யாது?

நம் பெரியோர் அதனை வால்நட்சத்திரம் என்றனர். பழந்தமிழில் புகைக்கொடி என்றும் தூமகேது என்றும் பெயருண்டு. அரபு மொழியிலும் அது வாலுடைய விண்மீன் என்றே அழைக்கப்படுகிறது. ஆயினும் அது விண்மீன் அன்று. பனிக்கட்டியும் தூசும் கலந்து இறுகிய ஓர் உருண்டை. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அளவே உடையவை. 1986-ஆம் ஆண்டு ஐரோப்பிய விண்கலமான ஜியாட்டோ, ஹாலி வால்வெள்ளியின் அருகே சென்று படமெடுத்தபோது, அதன் உட்கரு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுடையது என்றும் கரியைப் போலக் கறுத்தது என்றும் தெரியவந்தது.

சூரியனை நெருங்கும்போது இப்பனிக்கட்டி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிறது. ஆவியோடு தூசும் கிளம்புகிறது. சூரிய ஒளியின் அழுத்தம் தூசைத் தள்ள ஒரு வாலும், சூரியக் காற்று வாயுவைத் தள்ள மற்றொரு வாலும் உண்டாகின்றன. எனவே, வால்வெள்ளி எத்திசையில் சென்றாலும் அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீண்டிருக்கும். சூரியனை நெருங்கினால்தான் வால் வளரும். சூரியனை நெருங்கிவிட்டாலோ, சூரியன் மறைந்த சற்று நேரத்திற்கோ, உதிக்கும் முன் சற்று நேரத்திற்கோதான் அது நம் கண்ணுக்குப் புலப்படும். அடிவானத்தில் அதைத் தேட வேண்டியதன் காரணம் இதுவே.

2024-ஆம் ஆண்டு தோன்றிய சுசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி இதற்கு நல்ல சான்று. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அது வைகறையில் கிழக்கே தென்பட்டது. அக்டோபர் 12-ஆம் நாள் பூமியிலிருந்து சுமார் 7 கோடி கிலோமீட்டர் தொலைவிற்கு வந்தது. அதன்பின் மக்ரிபுக்குப் பிறகு மேற்கு வானில் காட்சியளித்தது. ஒரே மாதத்திற்குள் கடலின் பக்கமும் உப்பளத்தின் பக்கமும் தோன்றிய விருந்தாளி அது!

உப்பளத்து மக்களுக்கு உவப்பான செய்தி இன்னொன்றும் உண்டு. நாம் உண்ணும் உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்தது. 1997-ஆம் ஆண்டு பல மாதங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த ஹேல்-பாப் வால்வெள்ளிக்கு, வழக்கமான இரு வால்களோடு சோடியம் அணுக்களாலான மூன்றாவது வாலும் இருந்ததை அறிஞர்கள் அவ்வாண்டு கண்டறிந்தனர். பாத்தியில் பூக்கும் உப்பின் ஒரு பகுதி, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒளிர்கிறது. படைத்தவனின் கைவண்ணத்தை என்னென்பது!

சென்னைக்கு வந்த தந்தி

வால்வெள்ளியைக் காணப் பெரிய கருவிகள் வேண்டும் என எண்ணுவோர் பலர். கருவியைவிட, காத்திருக்கும் மனமே முதலில் வேண்டும் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு.

பியேலா என்றொரு வால்வெள்ளி இருந்தது. 1846-இல் அது இரண்டாகப் பிளந்தது. 1852-இல் இரு துண்டுகளும் மீண்டும் தென்பட்டன. அதன்பின் காணவே இல்லை. 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையைப் பூமி கடந்தபோது, ஐரோப்பிய வானில் எரிகற்கள் மழையெனப் பொழிந்தன. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர வானியலார் கிளிங்கர்பியூஸ் ஒன்றை ஊகித்தார்: பியேலா பூமியை உரசிச் சென்றிருக்குமானால், இப்போது அது தென்வானில், சென்டாரஸ் மண்டலத்தின் அருகே இருக்க வேண்டும். அப்பகுதியோ அவருடைய ஊரில் அடிவானத்தை விட்டு மேலெழுவதே அரிது. ஆகவே, தெற்கே உள்ள சென்னை வானாய்வு நிலையத்திற்குத் தந்தி அடித்தார்.

நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிவந்த அந்நிலையத்தின் பொறுப்பில் அப்போது இருந்தவர் நார்மன் போக்சன். தந்தி கிடைத்ததும் அவர் விடியலுக்கு முன் எழுந்து காத்திருந்தார். பருவமழைக் காலம், இரண்டு வைகறைகள் மேகமும் மழையும் ஏமாற்றின. மூன்றாம் முறை, மேகங்களுக்கிடையே சிறிது நேரம் வானம் திறந்தது. அந்தச் சிறு இடைவெளியில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அடுத்த வைகறையிலும் கண்டார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. அதை மீண்டும் எவரும் காணவில்லை. அது பியேலா அன்று, வேறொரு வால்வெள்ளியே எனப் பிற்காலக் கணக்குகள் காட்டின. இரண்டே நாள் பார்வையைக் கொண்டு அதன் பாதையைக் கணிக்கவும் இயலவில்லை. ஆயினும் 1872-ஆம் ஆண்டின் அந்த வால்வெள்ளி இன்றும் போக்சனின் பெயரோடு பேசப்படுகிறது. மழை என்று அவர் போர்த்துப் படுத்திருந்தால் அது உலகத்தார் கண்ணில் படாமலே போயிருக்கும்.

சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். ஜவ்வாது மலையின் காவலூரில் உள்ள வானாய்வு நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஊர் விளக்குகள் எட்டாத இருளைத் தேடியே அறிஞர்கள் அம்மலைக்குச் சென்றனர் என்பதை நினைவில் கொள்க.

அச்சமா, அறிவா?

வால்வெள்ளி தோன்றினால் அரசன் மடிவான், பஞ்சம் வரும், கொள்ளைநோய் பரவும் என்றெல்லாம் அஞ்சிய காலம் உண்டு. இவ்வச்சம் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுரிமை அன்று. 1577-ஆம் ஆண்டு ஒரு பெரிய வால்வெள்ளி தோன்றியது. இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் சிறந்ததொரு வானாய்வுக் கூடத்தை அமைத்திருந்தார் தகீயுத்தீன். அவர் அந்த வால்வெள்ளியை வெற்றிக்கும் நன்மைக்கும் அறிகுறி எனச் சுல்தானிடம் கூறினார். ஆனால் தொடர்ந்து வந்ததோ கொள்ளைநோய். அரசவைப் பகைமைகளும் சேர்ந்துகொள்ள, 1580-இல் அக்கூடம் இடித்துத் தள்ளப்பட்டது.

அதே வால்வெள்ளியை டென்மார்க்கில் டைக்கோ பிராகே அளந்து பார்த்தார். முகத்திற்கு நேரே விரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி மற்றொரு கண்ணால் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். தொலைவிலுள்ள மரமோ மாறாது. இம்முறையைக் கொண்டு, வால்வெள்ளி சந்திரனைவிடப் பன்மடங்கு தொலைவில் உள்ளது என அவர் நிறுவினார். ஒரே வானம்; ஒரே வால்வெள்ளி. அங்கே குறி சொன்னார்கள், இங்கே அளந்தார்கள். குறி சொன்ன இடத்தில் கூடமே தரைமட்டமாயிற்று!

இதில் நாம் வருந்தத்தக்கது யாதெனில், இதற்குரிய பாடம் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மழலைச் செல்வர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. கி.பி. 632 ஜனவரி 27 என அந்நாளைக் கணக்கிட்டுள்ளனர். அக்குழந்தையின் மறைவிற்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசினர். மகனைப் பறிகொடுத்த அந்த வேளையிலும் அண்ணலார் அப்பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்பிற்காகவோ இறப்பிற்காகவோ அவற்றிற்குக் கிரகணம் பிடிப்பதில்லை எனத் தெளிவுபடுத்தினார்கள். கிரகணத்திற்குப் பொருந்துவது வால்வெள்ளிக்கும் பொருந்தும் அன்றோ?

ஓநாயின் வால்

மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் ஃபஜ்ரு காதிப், ஃபஜ்ரு ஸாதிக் என இரு வைகறைகளைப் படிக்கின்றனர். முன்னது பொய் வைகறை; அடிவானத்திலிருந்து கூம்புபோல் மேல்நோக்கி நிற்கும் மங்கலான ஒளி. மார்க்கச் சட்ட நூல்கள் அதனை ஓநாயின் வாலுக்கு ஒப்பிடுகின்றன. பின்னது மெய் வைகறை. அடிவானத்தில் குறுக்கே பரவும் வெளிச்சம். நோன்பும் தொழுகையும் பின்னதைக் கொண்டே அமையும்.

அந்தப் பொய் வைகறை யாது? கோள்கள் சுற்றும் வெளியில் பரவிக் கிடக்கும் நுண்தூசின்மேல் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதே அது. அத்தூசில் பெரும்பங்கு வால்வெள்ளிகள் உதிர்த்துச் சென்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆக, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடந்துபோன வால்வெள்ளிகளின் எச்சத்தையே நாம் ஓநாயின் வால் எனப் பாடம் படிக்கிறோம்!

ஆனால், பாடத்தில் படிப்பதை வானில் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்? நகரங்களில் அதைக் காண வழியே இல்லை. தெருவிளக்குகளின் ஒளி அதை முற்றாக விழுங்கிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஆண்டுக்காண்டு விளக்குகள் பெருகி வருகின்றன. நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நம் மினாராக்களில் இரவு முழுதும் வானை நோக்கி எரியும் விளக்குகளால் யாருக்கு என்ன பயன்? வழியில் நடப்போருக்கு ஒளி கீழ்நோக்கி விழுந்தால் போதாதா? இஷாவுக்குப் பின் அலங்கார விளக்குகளை அணைக்கவும், மற்ற விளக்குகளுக்கு மேல்மூடி இடவும் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் முடிவெடுத்தால் மின்கட்டணமும் குறையும். நம் பிள்ளைகளுக்கு வானமும் திரும்பக் கிடைக்கும்.

நீங்களும் காணலாம்

ஸுபுஹுக்கு அரைமணி நேரம் முன்பாக, விளக்கொளி படாத இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கண்கள் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாகும். அதுவரை கைப்பேசியைத் திறக்க வேண்டாம். டார்ச் விளக்கு தேவையானால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். மங்கலான பொருளை நேரே பார்ப்பதைவிடச் சற்றுப் பக்கவாட்டில் நோக்கினால் நன்கு தெரியும். வால்வெள்ளி எரிகல்லைப் போல் பாய்ந்தோடாது. விண்மீன்களுக்கிடையே நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இடம் மாறும். பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, கண்டதை நாளும் நேரமும் குறித்து வரையச் சொல்லுங்கள். சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால் அதுவே பெரும் வசதி. ஒரே எச்சரிக்கை: சூரியன் உதிக்குமுன் அதைக் கண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஹாலி வால்வெள்ளி 1910-இல் வந்தது, 1986-இல் வந்தது, இனி 2061 ஜூலை 28 அன்று சூரியனை நெருங்கும். இன்று மக்தபில் ஓதும் பிள்ளைகள் அப்போது நடுவயதில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். ஆனால் அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஹாலி உதிர்த்துச் சென்ற தூசினூடே ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் பூமி கடந்து செல்கிறது. அவ்வைகறைகளில், உப்பு வாரும் பருவம் உச்சத்தில் இருக்கும் வேளையில், கடலின் மேல் கிழக்கு வானிலிருந்து ஹாலியின் துகள்கள் எரிகற்களாகப் பாய்ந்து மறைகின்றன. நிலவு இல்லாத ஆண்டாகப் பார்த்து ஸுபுஹுக்கு முன் குடும்பத்தோடு கடற்கரையில் நின்று பாருங்கள். தொழுகைக்கு எழும் நேரத்தைச் சற்றே முன்னதாக்கிக்கொண்டால் போதும்.

வானங்களின் படைப்பைச் சிந்திப்போராக நம்மையும் நம் மக்களையும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக!