அட்டவணையில் நிரையும் நிரலும் சேர்த்தல்: பாண்டாஸ் நூலகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சமூக விஞ்ஞான ஆய்வாளர் பலர் இன்று தம் தரவுகளைப் பைதன் மொழிக்குரிய பாண்டாஸ் என்னும் செய்நிரல் நூலகத்தின் துணைகொண்டு கையாளுகின்றனர். வெஸ் மக்கின்னி என்பார் 2008ஆம் ஆண்டில் நிதித்துறைப் பகுப்பாய்வின் தேவைக்காக இதனை ஆக்கத் தொடங்கினார். இதன் நடுநாயகமாக அமைவது 'டேட்டாபிரேம்' எனப்படும் அட்டவணையாகும். அதில் ஒரு நிரையையோ நிரலையோ சேர்ப்பது ஒரே வரியில் முடியும் காரியம். ஆயின் அவ்வொரு வரி எவற்றை எடுகோளாகக் கொள்கின்றது என்பதை அறியாதார், பிழைச்செய்தி எதுவுமின்றியே பிழையான முடிபுகளை எய்துதல் கூடும். இதனை இலங்கையின் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு விளக்குதல் பொருத்தமாகும்.

1981ஆம் ஆண்டு மதிப்பீட்டின்போது நாட்டில் 24 மாவட்டங்கள் இருந்தன. கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டு 25ஆவது மாவட்டமாயிற்று. அடுத்த மதிப்பீடு 1991இல் நடைபெறவேயில்லை. 2001இல் அது 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய 7 மாவட்டங்களில் போர்ச்சூழல் காரணமாக முழுமை பெறவில்லை. 2012இலேயே 25 மாவட்டங்களும் ஒருங்கே எண்ணப்பட்டன.

இனி, மாவட்டப் பெயர்களைச் சுட்டியாகக் கொண்ட 1981ஆம் ஆண்டின் 24 நிரை அட்டவணை நம்மிடம் உள்ளது எனவும், அதனுடன் 2012ஆம் ஆண்டின் நிரலைச் சேர்க்க விழைகின்றோம் எனவும் கொள்வோம். புதிய நிரலின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதிச் சமக்குறியிட்டு, 25 மாவட்டங்களின் எண்கள் அடங்கிய தொடரை வலப்புறத்தில் வைத்தால் போதும். பாண்டாஸ் அவ்வெண்களை வந்த வரிசையில் இடுவதில்லை; சுட்டியோடு சுட்டியைப் பொருத்தியே இடுகின்றது. எனவே இரு மூலங்களிலும் மாவட்டங்களின் வரிசை வேறுபடினும் தீங்கில்லை. இஃது அந்நூலகத்தின் தலையாய சிறப்பு எனலாம். ஆயினும் இங்கு ஆட்சி செலுத்துவது இடப்புறத்து அட்டவணையே. அதன் சுட்டியில் கிளிநொச்சி இல்லை. ஆதலின் அம்மாவட்டத்தின் ஏறத்தாழ 113,000 மக்களும் ஓர் எச்சரிக்கை தானுமின்றி விடுபட்டுப் போகின்றனர். இரு தரப்புச் சுட்டிகளையும் ஒன்றுசேர்த்துக் கொள்ளும் 'கொன்கற்' என்னும் செயற்கூறை நிரல் திசையிற் பயன்படுத்துவோர்க்கு இவ்விடர் நேராது. சுட்டியற்ற வெறும் பட்டியலாக அவ்வெண்களைக் கொடுத்திருப்பின், 24க்கு 25 பொருந்தாமையால் பாண்டாஸ் பிழையெனக் கூறி நின்றிருக்கும். பொருத்தும் ஆற்றல் வாய்ந்த வடிவமே ஈண்டு மௌனமாக வழுவுகின்றது என்பது நோக்கற்பாலது.

தமிழில் எழுதப்பட்ட சுட்டிகள் பிறிதொரு சிக்கலையும் உடையன. 'கிளிநொச்சி' என்பதிலுள்ள ஒகர உயிர்மெய்க் குறியை யுனிகோட் முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைதனுக்கோ வெவ்வேறு சொற்கள். நிரல் சேர்க்குமுன் பெயர்களை ஒருசீர்ப்படுத்திக் கொள்ளாவிடின், உள்ள மாவட்டமும் இல்லாததாகிவிடும்.

விடுபட்ட நிரையைப் பின்னர்ச் சேர்ப்பதாயின், 'லொக்' என்பதன்பின் அடைப்புக்குள் புதிய சுட்டியை எழுதி மதிப்புகளை அளிக்கலாம். கிளிநொச்சியின் 1981ஆம் ஆண்டுக் கட்டத்தில் யாதை இடுவது? பூச்சியத்தை இடுதல் தகாது. அது அங்கு ஒருவரும் வாழவில்லை என்று பொருள்படும். 'எண்ணன்று' என்னும் இன்மைக் குறியே உரியது. அக்குறி நுழைந்ததும், வழமையான முழுவெண் நிரல் மிதவைப்புள்ளி நிரலாக மாறிவிடும். குடித்தொகை எண்களுக்கு இதனால் இழப்பில்லை. 17, 18 இலக்கங்கொண்ட அடையாள எண்களாயின் இறுதி இலக்கங்கள் திரிபுறக்கூடும். இன்மையையும் ஏற்கும் முழுவெண் வகையொன்று 2019இல் அறிமுகமாயிற்று.

இன்மைக் குறி உண்மையைக் காட்டினும் கூட்டற்செயல் அதனை மறைத்துவிடுகின்றது. 2001ஆம் ஆண்டின் நிரலில் முழுமை பெறாத 7 கட்டங்களிலும் இன்மைக் குறியை இட்டுக் கூட்டினால், பாண்டாஸ் அவற்றைத் தாண்டிச் சென்று 18 மாவட்டங்களின் தொகையாகிய ஏறத்தாழ 1 கோடியே 69 இலட்சத்தைத் தரும். அதனை நாட்டின் மொத்தமெனக் கருதி, 24 மாவட்டங்களுக்குமுரிய 1981இன் 1 கோடியே 48 இலட்சத்தோடு ஒப்பிடுவோர் வடக்கு, கிழக்கு மக்களுட் பெரும்பாலாரை விட்டுவிட்டே வளர்ச்சி வீதம் கணிக்கின்றனர். தாண்டிச் செல்லற்க எனக் கட்டளையிட்டால் விடையும் இன்மைக் குறியாகவே வரும். இத்தகைய அட்டவணைகளில் அதுவே நேர்மையான விடை.

எல்லை மாற்றத்தையோ எக்கட்டளையும் தானே உணர்ந்துகொள்ளாது. யாழ்ப்பாண மாவட்டத்தின் நிரையில் 1981இல் ஏறத்தாழ 830,000, 2012இல் ஏறத்தாழ 583,000 என்னும் எண்கள் அருகருகே நிற்கும். நூற்றுக்கு 30 வீழ்ச்சி போலத் தோன்றும். முன்னதிற் கிளிநொச்சியும் அடங்கும். 2012இன் இரு நிரைகளையும் கூட்டியபின் ஒப்பிடின் வீழ்ச்சி நூற்றுக்கு 16 அளவினதே. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் விளைத்ததை நிருவாக எல்லைக்கோடு விளைத்ததினின்றும் பிரித்தறிவது ஆய்வாளர் பணி. கணினி அதனைச் செய்து தராது.

நிரைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செல்லும் பழக்கம் குறித்தும் ஒரு சொல். 'கொன்கற்' கொண்டு ஒரு நிரையைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதும் நினைவகத்திற் புதிதாகப் படியெடுக்கப்படுகின்றது. 10,000 நிரைகளை இவ்வாறு சேர்ப்பின், முன்பிருந்த நிரைகளைப் படியெடுத்தல் மட்டும் ஏறத்தாழ 5 கோடியாகும். இப்பழக்கத்துக்கு இடந்தந்த 'அப்பென்ட்' என்னும் செயற்கூறு 2022இற் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2023இல் வெளியான இரண்டாம் பதிப்பில் நீக்கப்பட்டது. நிரைகளை முதலில் ஒரு சாதாரண பட்டியலிற் சேர்த்துவைத்து, இறுதியில் ஒரேமுறை அட்டவணையாக்குதலே தக்க வழி. நூற்றுக்கணக்கான நிரல்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்போர்க்கும் இதுவே பொருந்தும். அங்கேனும் நினைவகம் துண்டுபடுவதைப் பாண்டாஸ் தானே எச்சரிக்கின்றது.